புதுத் தொலைநோக்கியில் ஃபோகஸர் ஆடுகிறதா? ஸ்க்ரூ, கிரீஸ், ஷிம், மாற்று ஃபோகஸர்: எது எப்போது?

புதிதாக வந்த தொலைநோக்கியில் ஃபோகஸர் (படம் கூர்மையாகும்வரை ஐபீஸை முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதி) லொடலொடவென்று இருந்தால், கை நேராக அடியில் இருக்கும் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். அதை முறுக்கும் முன் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். கண் வைத்துப் பார்க்கும் லென்ஸான ஐபீஸைப் பிடித்து மெல்ல அசையுங்கள். ஐபீஸ் மட்டும் அசைந்தால் அதைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூதான் தளர்ந்திருக்கிறது. அடித்தட்டோடு மொத்தமும் அசைந்தால், அதைத் தொலைநோக்கிக் குழாயோடு இணைக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கின்றன. பார்சலில் குலுங்கி வந்த கருவிக்கு இது சகஜம். இறுக்கினால் போதும், வேறு செலவே இல்லை.

இரண்டும் இல்லை, உள்ளே போய்வரும் குழாய்தான் ஆடுகிறது என்றால் அடுத்த கேள்வி: அது பல்சட்ட வகையா, க்ரேஃபோர்ட் வகையா? குழாயின் ஒரு பக்கம் பற்கள் தெரிந்தால் பல்சட்டம். வழவழப்பான தட்டைப் பட்டை தெரிந்தால் க்ரேஃபோர்ட். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் வால் என்ற அமெச்சூர் வானியலாளர் உருவாக்கியது இது. பல்லே கிடையாது, ஒரு எஃகுத் தண்டு குழாயை அழுத்தி உராய்வால் நகர்த்துகிறது, எதிர்ப்பக்கம் பேரிங்குகள் தாங்குகின்றன. இந்த வித்தியாசம் தெரியாமல் செய்யும் எந்த வேலையும் குருட்டு வேலைதான்.

முதலில் சொன்ன அடி ஸ்க்ரூதான் டென்ஷன் ஸ்க்ரூ, குழாயின் மேல் அழுத்தத்தைக் கூட்டுவது. அதை இறுக்குவது எளிது, செலவில்லாதது. க்ரேஃபோர்ட்டில் கனமான ஐபீஸின் எடையில் குழாய் தானாக வழுக்கினால் இதுதான் முதல் வைத்தியம். கால் சுற்று இறுக்கி, தொலைநோக்கியைச் சாய்த்து வைத்துப் பாருங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் பட்டையில் பள்ளம் விழும். அப்புறம் அந்த இடத்தில் எப்போதும் தடுக்கும். பல ஃபோகஸர்களில் பக்கத்திலேயே பூட்டு ஸ்க்ரூ ஒன்றும் இருக்கும். அது குழாயை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் நிறுத்துகிறது. அதை ஆட்டத்துக்கு மருந்தாகப் பயன்படுத்தினால், பூட்டும் ஒவ்வொரு தடவையும் படம் நகரும்.

அடுத்தது கிரீஸ். பல்சட்ட ஃபோகஸரில் கெட்டியான கிரீஸ் உண்மையிலேயே உதவும்: திருகும்போது கைக்கு ஒரு கனம் கிடைக்கும், சின்ன இடைவெளிகள் மறையும். ஆனால் மறையும், அவ்வளவுதான். குளிரில் அது இறுகி, வெப்பத்தில் இளகி நடத்தை மாறும். இதையே க்ரேஃபோர்ட்டின் தண்டில் தடவினால் கதை முடிந்தது. உராய்வை நம்பி ஓடும் பொருளுக்கு எண்ணெய்ப் பசை எதிரி. அங்கே செய்ய வேண்டியது நேர்மாறு: ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் தண்டையும் பட்டையையும் துடைப்பது. ஸ்க்ரூவை இறுக்கியும் வழுக்கல் நிற்காத பல க்ரேஃபோர்ட்டுகளுக்கு இந்தத் துடைப்பே போதும்.

என் ஓட்டு ஷிம்முக்கு, அதாவது இடைவெளியை அடைக்க உள்ளே ஒட்டும் மெல்லிய பட்டைக்கு. பல்சட்டக் குழாய் பக்கவாட்டில் ஆடுவதற்குக் காரணம், குழாய்க்கும் அதைச் சுற்றிய உறைக்கும் நடுவே இடைவெளி அதிகம். ஸ்க்ரூ அதை அழுத்தி மறைக்கிறது, கிரீஸ் பூசி மறைக்கிறது, ஷிம்தான் நிரப்புகிறது. பல்சக்கரத்தைப் பிடிக்கும் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, குழாயை வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடையுங்கள். பற்களுக்கு எதிர்ப்பக்கம், உறையின் உள்சுவரில், மெல்லிய டெஃப்லான் பட்டைகள் இரண்டை நீளவாக்கில், சற்றே தள்ளித் தள்ளி ஒட்டுங்கள். ஒரே பட்டை என்றால் குழாய் அதன்மேல் இடமும் வலமும் உருளும். குழாயைப் போட்டால் லேசான எதிர்ப்போடு உள்ளே போக வேண்டும். சிக்கினால் பட்டை தடிமன், மெல்லியதாக மாற்றுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க, அதிக உருப்பெருக்கத்தில் ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து, குமிழை முன்னும் பின்னும் திருப்புங்கள். முன்பு திசை மாறும் கணத்தில் நட்சத்திரம் பக்கவாட்டில் துள்ளியிருக்கும். இப்போது இருந்த இடத்திலேயே விரிந்து சுருங்க வேண்டும். நியூட்டோனியன் (கண்ணாடிகளால் ஒளியைக் குவிக்கும் வகை) வைத்திருப்பவர்கள் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது; குழாய் சாய்ந்தால் கொலிமேஷனும், அதாவது கண்ணாடிகளும் ஐபீஸும் ஒரே நேரில் இருக்கும் ஒழுங்கும், சேர்ந்து போகும். எஃப் 5 (குவியத் தூரம் விட்டத்தைப்போல ஐந்து மடங்கு) தொலைநோக்கியில் படம் கூர்மையாக இருக்கும் தூரமே சுமார் 0.06 மில்லிமீட்டர்தான். எஃப் 10 என்றால் அதைப்போல நான்கு மடங்கு இடம் கிடைக்கும், அதனால் ஆட்டமும் அவ்வளவாக உறுத்தாது.

புது ஃபோகஸர் மாட்டுவது கேமராவைத் தொங்கவிடப் போகிறவர்களுக்குச் சரி. கேமரா இல்லாமல் ஐபீஸில் கண் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஷிம்முக்குப் பிறகு அது பெரும்பாலும் தேவைப்படாது. வாங்குவதானால் ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளியையும் ஃபோகஸரின் உயரத்தையும் அளந்துவிட்டு வாங்குங்கள். நியூட்டோனியனில் உயரம் கூடினால் குழாயை முழுக்க உள்ளே தள்ளினாலும் ஃபோகஸ் கிடைக்காமல் போகலாம். பத்துக்கு ஒன்று நுண்குமிழ் (பத்துச் சுற்றுக்குப் பெரிய குமிழின் ஒரு சுற்று அளவே நகர்த்தும் சின்னக் குமிழ்) இருப்பதை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். அது திருகலை நுணுக்கமாக்கும், ஆட்டத்தைக் குறைக்காது.

கருவி புதுசு என்பதால் இன்னொரு வழியும் உண்டு: திருப்பிக் கொடுப்பது. பல் உடைந்திருந்தாலோ, குழாய் வளைந்திருந்தாலோ, தண்டு கோணியிருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். பல உத்தரவாதங்கள் கருவியைப் பிரித்ததும் செல்லாமல் போகும். அதனால் மூடியின் முதல் ஸ்க்ரூவில் கை வைக்கும் முன்பே, ஆட்டத்தை ஒரு வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்பிப் பதில் வாங்கிவிடுங்கள்.