சாங்கியிலிருந்து நியூயார்க்: நேராகவா, பிராங்க்பர்ட் வழியாகவா?

உலக உருண்டையில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜே.எஃப்.கே. விமான நிலையத்துக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் ஏறத்தாழ 15,350 கி.மீ. வரும். ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டைத் தொட்டுப் போனால் முதல் கட்டம் 10,300, அடுத்தது 6,200, ஆக 16,500. கூடுதல் தூரம் 1,150 கி.மீ.தான். ஜெட் விமானம் அதை ஒன்றேகால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானத்துக்குப் பதினெட்டரை மணி நேரம் என்றால், பிராங்க்பர்ட் வழியே போவதற்கு 23 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஒன்றேகால் எப்படி ஐந்தானது?

சுமார் இரண்டு மணி நேரம் பிராங்க்பர்ட்டில் தரையிலேயே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதி காற்றின் வேலை. விமானங்கள் பறக்கும் உயரத்தில் ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. பிராங்க்பர்ட் விமானம் அட்லாண்டிக்கின் மேல் அதை எதிர்த்துப் போகிறது. நேரடி விமானமோ பெரும்பாலும் ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைத் தாண்டி, அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பறக்கிறது. இதற்காக நூல் பிடித்த கோட்டைவிட ஆயிரம் கி.மீ. வரைகூடச் சுற்றும். அப்படியும் முந்திவிடுகிறது! வரைபடத் தூரத்தை வேகத்தால் வகுத்துப் பயண நேரம் சொல்லும் கணக்கை இதனால்தான் நான் நம்புவதில்லை.

நேரடி விமானத்தின் பெரிய குறை, அதில் சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. மிக நீண்ட தூரம் பறப்பதற்கான ஏர்பஸ் ஏ350-900 யு.எல்.ஆர். ரகத்தில் பிசினஸில் 67, பிரீமியம் எகானமியில் 94, மொத்தம் 161 இருக்கைகள்தான். 1,65,000 லிட்டர் எரிபொருளைச் சுமக்கும் விமானத்தில் ஆட்களைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். இதற்கு முன் 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500 கொண்டு நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு நேரடிச் சேவை தொடங்கினார்கள். அது 2013இல் நின்றது. இரண்டு எஞ்சின் கொண்ட இந்த ரகம் வந்த பிறகே 2018இல் மீண்டும் தொடங்கியது.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு எகானமி டிக்கெட் கிடைக்கும் பிராங்க்பர்ட் வழியே கட்டுப்படியாகும். தனியாக வேலைக்குப் போகிறவர் கூடுதல் பணம் கொடுத்தாவது நேரடி விமானத்தை எடுக்கலாம் என்பேன். பிராங்க்பர்ட்டில் விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு கைச்சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பாதுகாப்புச் சோதனையில் நின்று, அதே விமானத்தில் திரும்ப ஏறுவது உடம்பை வாட்டும்.

ஆனால் அம்மாவை அழைத்துப் போவதாக இருந்தால் நான் பிராங்க்பர்ட்டைத்தான் தேர்ந்தெடுப்பேன். "பக்கத்து சீட்டுக்காரரை எழுப்புவானேன்" என்று கூச்சப்பட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பவர் அவர். கால் வீங்கிவிடும். பிராங்க்பர்ட்டில் நடந்தே தீர வேண்டும்.

எந்த விமானமானாலும், டிக்கெட்டில் புறப்படும் மணியையும் சேரும் மணியையும் மட்டும் கழித்துப் பார்க்காதீர்கள். நியூயார்க் சிங்கப்பூர் நேரத்துக்குக் கோடையில் 12 மணி நேரமும் குளிர்காலத்தில் 13 மணி நேரமும் பின்தங்கியிருக்கிறது.