சிஓடி (பார்சல் கைக்கு வந்ததும் கஸ்டமர் காசு கொடுக்கிற முறை) பார்சல் அனுப்புகிறவர்கள் படியுங்கள்: என் 38,460 ரூபாய் போன விதம்

38,460 ரூபாய். தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசியாகப் பேசிய கஸ்டமர் கேர் ஆள் "சின்ன அமௌண்ட்தானே மேடம், வந்துடும்" என்றான். சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறிக்காரர்களிடம் புடவை எடுத்து வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிற எனக்கு அது தீபாவளி சீசனின் மொத்த லாபம். தறிக்காரருக்குத் தர வேண்டிய பாக்கியிலும் ஒரு பங்கு அதில் போய்விட்டது. எந்த கூரியரை நம்பலாம், எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் விவரமாக எழுதுகிறேன் என்று நம் குரூப்பில் சொல்லியிருந்தேன். இருக்கிற கோபத்தில் எவ்வளவு வருகிறதோ வரட்டும்.

பெயர் போடப் போவதில்லை. பத்துப் பன்னிரண்டு கூரியர் கம்பெனிகளின் ரேட்டை ஒரே திரையில் காட்டி, நாம் வாலட்டில் போட்டு வைத்த பணத்தில் கழித்துக்கொண்டு, லேபிள் அடித்துக் கொடுக்கிற தளங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த வகை. வண்டி அவர்களுடையது இல்லை. குடோன் அவர்களுடையது இல்லை. வீட்டுக்கு வந்து பார்சல் எடுக்கிற பையனும் அவர்கள் ஆள் இல்லை. ஆனால் பணம் மட்டும் அவர்கள் வழியாகத்தான் வரும்.

சேர்த்துவிட்டது நன்றாகத் தமிழ் பேசுகிற ஒரு சேல்ஸ் தம்பி. "அக்கா, நீங்க தனியா போனா கூரியர்காரன் மதிக்க மாட்டான், எங்க மூலமா போனா பெரிய கம்பெனி ரேட்டு" என்றான். வீடியோ காலில் தன் திரையைக் காட்டி எங்கே பின்கோடு போடுவது, எங்கே எடை போடுவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தான். சிஓடி பணம் எப்போது வரும் என்று நான் இரண்டு முறை அழுத்திக் கேட்டேன். "டெலிவரி ஆன எட்டாவது நாள் உங்க பேங்க்ல இருக்கும், அதுக்கு நான் பொறுப்பு அக்கா" என்றான். முதல் தவணை சொன்ன நாளுக்கு முன்பே, பைசா குறையாமல் வந்தது. என் மாமியார்கூட "பரவாயில்லையே, சொன்ன சொல் காப்பாத்துறானே" என்றார். அடுத்ததும் வந்தது. அதற்குப் பிறகுதான் தீபாவளி ஆர்டர் முழுவதையும் அந்த ஒரே தளத்தில் போட்டேன். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள்.

கழிக்க ஆரம்பித்தது எடையில். கூரியர் கணக்கு உங்களுக்குத் தெரியும்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்தால் ஒரு எடை வரும். அதுவா, தராசு எடையா, எது அதிகமோ அதற்குக் காசு. என் சாஃப்ட் சில்க் பார்சல் அட்டையோடு சேர்த்து 35க்கு 28க்கு 5. கணக்குப்படி ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கீழே. தராசில் 650 கிராம். ஒரு கிலோவுக்குத்தான் நானும் காசு கட்டினேன். திடீரென்று ஒரு நாள் வாலட்டைத் திறந்தால் வரிசையாக டெபிட். என் பார்சல் 42க்கு 35க்கு 16 என்று மெஷின் அளந்ததாம். அது ஏறக்குறைய நாலே முக்கால் கிலோ, ஐந்து கிலோ ரேட்டு, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அந்த உயரத்துக்கு நான் புடவைக்குப் பதில் தலையணைதான் அனுப்பியிருக்க வேண்டும். ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி கவர், ஒரே நாளில் போன பார்சல்களில் சிலதுக்கு மட்டும் இந்த அளவு.

ஆட்சேபம் சொல்ல ஏழு நாள் என்றார்கள். பார்சல்மேல் அளவு டேப் வைத்து, லேபிள் நம்பர் தெரிய, தராசோடு போட்டோ அனுப்பினேன். "படம் தெளிவாக இல்லை." மறுபடி பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினேன். "கூரியர் நிறுவனம் நிராகரித்துவிட்டது." என்ன காரணம் என்று கேட்டால் அந்த டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டு, எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் தருவீர்கள் என்று மெசேஜ். இப்படிப் போனது 6,310 ரூபாய்.

அடுத்து ரிட்டர்ன். தக்கலைப் பக்கம் ஒரு கஸ்டமர், கல்யாணத்துக்குக் கட்ட வேண்டிய புடவை என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். டிராக்கிங்கில் "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்குப் பதிவு. அவருக்கு ஒரு போன்கூட வரவில்லை. அடுத்த நாள் "வாங்க மறுத்தார்". நான் மறுபடி டெலிவரி கேட்டு பட்டனை அழுத்துவதற்குள் பார்சல் சேலத்துக்குத் திரும்பி வண்டி ஏறிவிட்டது. போகவும் காசு, வரவும் காசு. இதே மாதிரி மற்ற பார்சல்களும் சேர்ந்து 4,250 ரூபாய்.

திரும்பி வந்ததில் ஒன்றைக் கையில் வாங்கியதுமே தெரிந்தது. நான் ஒட்டுவது பளபளப்பான வெள்ளை டேப். அதன்மேல் இன்னொரு சுற்று பிரௌன் டேப். வந்த பையனை நிறுத்தி, மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டே பிரித்தேன். உள்ளே சாயம் போன ஒரு கைலி, நான்காக மடித்து, எடை சரிக்கட்ட இரண்டு பழைய நோட்டுப் புத்தகம். என் புடவையோடு வைத்திருந்த நன்றிச் சீட்டை மட்டும் பத்திரமாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வீடியோவை அனுப்பினால், "பார்சல் பெறப்பட்டதாக ஓடிபி பதிவாகியுள்ளது, புகார் ஏற்க இயலாது." ஓடிபி சொல்லாமல் அவன் பார்சலையே கையில் தரமாட்டான், பிறகு எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அந்தப் புடவை நான் சொல்கிற 38,460 ரூபாயில் சேரவே இல்லை.

பெரிய அடி இனிமேல்தான். எடை, ரிட்டர்ன் என்று நான் போட்டு வைத்த பணத்தில் இருந்தே 10,560 எடுத்த பிறகும், இன்னொரு பார்சல் கணக்கில் வாலட் 212 ரூபாய் மைனஸ் என்று காட்டியது. வாலட் மைனஸில் இருந்தால் சிஓடி பணத்தை நிறுத்தி வைப்பார்களாம், விதிமுறையில் எங்கோ இருக்கிறதாம். புடவை ஒன்று 1,395 வீதம் கஸ்டமர்கள் கையில் காசாகக் கொடுத்த 27,900 ரூபாய், இந்த 212 ரூபாய்க்காக நின்றது. உடனே 212ஐக் கட்டினேன். "கணக்கு பரிசீலனையில் உள்ளது" என்று மாறியது. இன்று வரை பரிசீலனைதான்.

சேட்டில் பேசினால் ரோபோ. போனில் "24 முதல் 48 மணி நேரம்". ஒவ்வொரு முறையும் புது ஆள், ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து கதை. சேல்ஸ் தம்பியைப் பிடித்தேன். "அக்கா, நான் இப்போ வேற டீம், மெயில் போடுங்க" என்றான். அதன் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை. பொறுப்பு என்று சொன்ன அதே வாய்! சரி, கூரியர்காரனையே கேட்போம் என்று அவர்களின் சேலம் கிளைக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "இந்த நம்பர் உங்க பேர்லயே இல்லைங்க, அந்தத் தளத்தோட பேர்ல இருக்கு. நீங்க எங்க கஸ்டமரே கிடையாது. அவங்களுக்கு நாங்க பணம் அனுப்பியாச்சு" என்றார். தளத்தைக் கேட்டால் கூரியர் இன்னும் அனுப்பவில்லை என்கிறார்கள். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று நிரூபிக்க என் கையில் ஒரு காகிதம்கூட இல்லாதபடிதான் இந்த ஏற்பாடே இருக்கிறது.

கடைசியாக வந்த மெயிலில் இன்னொரு மிரட்டல்: நீங்கள் வியாபாரி, நுகர்வோர் இல்லை, வழக்கு என்றால் தில்லியில்தான். இதைப் படித்து யாரும் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கிப் பயன்படுத்துகிற பொருளை வணிக நோக்கம் என்று தள்ள முடியாது என்று விளக்கமே இருக்கிறது. அதில் பொருள் என்றுதான் இருக்கிறது, கூரியர் மாதிரி சேவைக்கும் அது பொருந்தும் என்று நாம் வாதாட வேண்டும். நாம் குடியிருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். நாம் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்துப் புகார் பதிந்து எண் வாங்கிவிட்டேன். ஆணையத்துக்கு இ-ஜாக்ரிதி என்கிற அரசின் நுகர்வோர் வழக்குத் தளத்தில் போடுவதற்கான பேப்பர்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. அவசரமாகச் சிலது மட்டும். சிஓடி பணம் யார் கணக்கில் முதலில் விழுகிறது என்று கேளுங்கள், நடுவில் ஆள் இருந்தால் அங்கே ஒரு வாரத்து வசூலுக்கு மேல் நிற்க விடாதீர்கள். வாலட்டில் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் போடுங்கள். பேக் செய்ததும் அளவு டேப்பும் தராசும் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பார்சலுக்கும் போட்டோ, ரிட்டர்னுக்கு வீடியோ. பிக்கப் பையன் உங்கள் கண் முன்னால் ஸ்கேன் செய்யாமல் கவரைத் தூக்க விடாதீர்கள். முன்பணம் கட்டுகிற கஸ்டமருக்குத் தபால் ஆபீஸ் ஸ்பீடு போஸ்ட் போதும். கொஞ்சம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், ஆனால் எடை போட்டு ரசீது கையில் தருவார்கள், அந்த ரசீதில் நம் பெயர் இருக்கும். 2025 அக்டோபரில் இருந்து, 5 ரூபாயும் வரியும் கூடக் கட்டினால் ஓடிபி சொன்னால்தான் டெலிவரி என்கிற வசதியும் உண்டு. சிஓடி மட்டும்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிற புதுக் கஸ்டமரிடம் போக வரச் செலவையாவது ஜிபேயில் முன்னாடியே வாங்குங்கள். தர மறுத்தால் அந்த ஆர்டர் வேண்டாம்.

எந்த கூரியர் பெஸ்ட் என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். உங்கள் ஊர்க் கிளை எப்படியோ அப்படித்தான் அந்தக் கம்பெனி, நேரில் போய் ஒரு ரிட்டர்ன் பார்சலைப் பற்றி விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதே வகைத் தளத்தில் வாலட் மைனஸ் என்று சொல்லி யாருக்காவது சிஓடி பணம் நிற்கிறதா? டிக்கெட் நம்பரும் ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். ஒரே கம்பெனியாக இருந்தால், ஆணையத்தில் அனுமதி கேட்டு எல்லோரும் சேர்ந்தே மனு போட்டுவிடலாம்.