உப்புக்காற்றில் ஓர் ஆன்சரிங் மெஷின்

டெலிபோன் மணி அடித்தால் தானே எடுத்து, பதிவு செய்த குரலை ஓட்டி, செய்தி சொல்லப் பீப் கொடுப்பது எந்த ஆன்சரிங் மெஷினுக்கும் வரும். கூப்பிட்டவர் வைத்துவிட்டார் என்று தெரிந்து தானும் லைனை விடுவது பல மெஷின்களுக்கு வராது. கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடுகளில் ஓடும் மெஷின்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்தவை, அல்லது புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. அவை வேறொரு நாட்டு எக்ஸ்சேஞ்சுக்காகச் செய்யப்பட்டவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் புரிந்துவிடும்.

முதலில் கரண்டு. அமெரிக்க மெஷினோடு வரும் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் செருகினால் நிமிஷத்தில் புகைந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் பெட்டி வைத்து ஓட்டலாம், ஆனால் அது நாள் முழுக்கச் சூடாகவே கிடக்கும். உள்ளூரில் பொருத்தமான அடாப்டர் வாங்குவதே நல்லது. அதற்குமுன் பழைய அடாப்டரின் லேபிளில் மூன்றைப் பார்க்க வேண்டும்: வெளியே வரும் வோல்ட், எத்தனை மில்லிஆம்பியர், பிளக்கின் நடு ஊசி பிளஸ்ஸா மைனஸ்ஸா. நாலாவதாக ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள். சில அமெரிக்க மாடல்களின் அடாப்டர் 9 வோல்ட் ஏசி கொடுப்பது. லேபிளில் அலைக்கோடு போட்டிருக்கும். அதற்கு 9 வோல்ட் டிசி அடாப்டரைக் கொடுத்தால் மெஷின் உயிர்பெறாமல் போகலாம். மெஷின் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுமுன் இதைச் சரிபாருங்கள். மிக மலிவான எஸ்எம்பிஎஸ் (கனமில்லாத, எலக்ட்ரானிக் வகை) அடாப்டர் போட்டால் பதிவில் 'உஸ்' என்ற இரைச்சல் ஏறும். வாங்கும் கடையிலேயே மாற்றிக்கொள்ளப் பேசி வையுங்கள்.

பிரான்சிலிருந்து வந்த மெஷின் என்றால் வேலை சுலபம். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அந்த பிளக்கின் குச்சி 4 மில்லிமீட்டர்; நம் 5 ஆம்பியர் சாக்கெட்டின் துளை அதைவிடப் பெரிது. லூஸாக நின்று பொறி பறக்கும், மெஷின் அடிக்கடி ஆஃப் ஆகி ஆன் ஆகும். ஒரு நல்ல மல்டி பிளக் போட்டால் தீர்ந்தது. டெலிபோன் வயரின் முனையில் இருக்கும் 'டி' வடிவப் பெரிய பிளக் இங்கே எதிலும் நுழையாது. மெஷின் பக்கம் பெரும்பாலும் நம் ஊர் ஆர்ஜே11 என்ற சின்ன டெலிபோன் பிளக்தான் இருக்கும், அதனால் வயரையே மாற்றிவிடலாம். சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்து, லைன் நடு இரண்டு ஊசிகளில் வருகிறதா, ஓர ஊசிகளில் வருகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வந்தால் உள்ளூர் வயர் போட்டதும் மெஷின் ஊமையாகக் கிடக்கும்.

கார்ட்லெஸ்ஸோடு சேர்ந்த மெஷினாக இருந்தால் அலைவரிசையும் பார்க்க வேண்டும். டெக்ட் என்ற கார்ட்லெஸ் முறையில் ஐரோப்பிய வகை 1880 முதல் 1900 மெகாஹெர்ட்ஸ். இங்கேயும் அதற்கு அனுமதி உண்டு. அமெரிக்க டெக்ட் 6.0 என்பது 1920 முதல் 1930. அது இங்கே மொபைல் சேவைக்கு ஒதுக்கிய இடம். ஆசையாக வாங்கி வந்திருந்தாலும் அதை ஓட்டாதீர்கள்.

லைனில் மாட்டுமுன் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ரிசீவரை எடுக்காமல் வைத்திருக்கும்போது 48 வோல்ட் டிசி அளவில் காட்ட வேண்டும். எடுத்தால் 6 முதல் 12 வரை இறங்கும். எடுக்காதபோதே 40க்குக் கீழே காட்டினால் எங்கோ ஜாயிண்டில் ஈரம் இறங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட லைனில் மெஷின் தானாக எடுக்கும், தானாக வைக்கும், பேய் பிடித்ததுபோல் நடக்கும். மணி வரும்போது ஏறக்குறைய 75 வோல்ட் ஏசி வயரில் ஓடும், அந்த நேரம் வெறும் கையால் திருகாணியைத் தொட வேண்டாம். செம்புக் கம்பியில் பிராட்பேண்டும் இருந்தால் போனையும் இணையத்தையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரின் போன் பக்கம்தான் மெஷின் வர வேண்டும். மோடம் பக்கம் மாட்டினால் பதிவெல்லாம் இரைச்சல்.

ஃபைபர் வீடுகளில் லைன் வருவது, ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டியிலிருந்து. நம் ஆட்கள் மோடம் என்பது அதைத்தான். அதன் போன் சாக்கெட்டில் ஆர்ஜே11 வயரைச் செருகினால் போதும், ஆனால் கரண்டு போனால் லைனும் சேர்ந்து போகும். அதற்காக 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி ஓஎன்டிக்கு மட்டும் மாட்டிவிட்டு மெஷினை மறந்துவிடுவார்கள். விளைவு, பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளில் போன் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளும் இல்லை மெஷினும் இல்லை. இரண்டும் ஒரே பேக்கப்பில் இருக்க வேண்டும். இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகையாக (சீரான அலையாக இல்லாமல் சதுர அலையாகக் கரண்டு கொடுப்பது) இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்த கனமான அடாப்டர் ரீங்காரமிடும்; அந்த ரீங்காரம் பதிவிலும் ஏறும்.

இனி போனை வைக்கிற கதை. நம் ஊரில் எதிர்முனை வைத்துவிட்டால் லைனில் எங்கேஜ் டோன் வரும்: 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி சத்தம், முக்கால் விநாடி மௌனம். அமெரிக்க மெஷின் எதிர்பார்ப்பது வேறு. அங்கே வைத்தவுடன் எக்ஸ்சேஞ்ச் லைன் மின்சாரத்தை ஒரு கணம் துண்டித்துக் காட்டும். மெஷின் அதைப் பார்த்து வைத்துவிடும். டோனைக் கேட்டு வைக்கும் வசதி இருந்தாலும் அது தேடுவது 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்த, அரை விநாடி ஒலித்து அரை விநாடி நிற்கும் சத்தத்தை. பிரெஞ்சு எங்கேஜ் டோன் 440 ஹெர்ட்ஸ், அரை விநாடி. நம்முடையதுக்குச் சற்று நெருக்கம்; அதனால் சில பிரெஞ்சு மெஷின்கள் புரிந்துகொள்ளும், சில புரிந்துகொள்ளாது. மௌனம் வந்தால் சில விநாடிகளில் வைத்துவிடும் ஏற்பாடு பெரும்பாலான மெஷின்களில் உண்டு. ஆனால் எங்கேஜ் டோன் மௌனமல்லவே! மெஷின் அதை யாரோ பேசுவதாக நினைத்து நினைவகம் தீரும்வரை 'டொய்ங் டொய்ங்' என்று பதிந்துகொண்டிருக்கும். அதுவரை உள்ளே வேறு யாரும் கூப்பிட முடியாது.

சோதிப்பது எளிது. மொபைலிலிருந்து கூப்பிட்டு, பீப் வந்ததும் ஐந்து விநாடி பேசி, வைத்துவிடுங்கள். பிறகு போட்டுக் கேளுங்கள். கடைசியில் மூன்று நான்கு டொய்ங் இருந்தால் மெஷின் நல்ல மெஷின். அரை நிமிடம் தாண்டியும் ஓடினால் அதற்கு நம் டோன் தெரியவில்லை. அப்போது செய்யக்கூடியது, ஒரு செய்திக்கான நேரத்தை ஒரு நிமிடம் என்று வைப்பது. 'வரம்பில்லை' என்ற தேர்வில் விட்டால் ஒரே ராங் நம்பர் முழு நினைவகத்தையும் விழுங்கிவிடும். 15 நிமிடம் பதியும் மெஷினில் ஒரு நிமிட வரம்பு என்றால், 15 அழைப்பு வரை தாங்கும். வீட்டுக்குப் போதும், கிளினிக்குக்குப் போதாது. இணையவழி போன் அடாப்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு: அந்தப் பெட்டிகள் பலவற்றில், எதிர்முனை வைத்ததும் லைன் மின்சாரத்தைச் சற்று நேரம் துண்டிக்கும் அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்தால் அமெரிக்க மெஷினும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

எத்தனை மணி அடித்ததும் மெஷின் எடுக்க வேண்டும் என்ற எண்ணிக்கையிலும் ஒரு குழப்பம் உண்டு. நம் மணி 'டிரிங் டிரிங்' என்று இரட்டையாக வரும்: 0.4 விநாடி, 0.2 இடைவெளி, மறுபடி 0.4, பிறகு 2 விநாடி அமைதி. சில மெஷின்கள் இரட்டையை ஒன்றாக எண்ணும், சில இரண்டாக. நாலு மணி என்று வைத்தால் முதல் வகை 12 விநாடி கழித்து எடுக்கும். இரண்டாம் வகை 6 விநாடிக்குள் எடுத்துவிடும். முட்டி வலியோடு கூடத்துக்கு நடந்து வரும் பாட்டிக்கு 6 விநாடி எந்த மூலைக்கு? கைக்கடிகாரத்தை வைத்து அளந்து, தேவையானால் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குங்கள். பாதி மெஷினில் 'டோல் சேவர்' என்றொரு தேர்வு இருக்கும். புதுச் செய்தி இருந்தால் இரண்டாவது மணியில் எடுக்கும், இல்லாவிட்டால் நாலாவதில். வெளியூரிலிருந்து கூப்பிட்டுப் பார்ப்பவர் மூன்றாவது மணி கேட்டதும் 'செய்தி இல்லை' என்று வைத்துவிடலாம்.

வாழ்த்துக்குரல் பதிவில்தான் பலர் சொதப்புகிறார்கள். நம் மக்கள் மெஷினோடு பேசிப் பழகாதவர்கள். "வணக்கம், இது இன்னார் வீடு" என்று ஆரம்பித்தால், எதிர்முனையில் "ஹலோ... ஆங், நான்தாம்மா பேசறேன்" என்று மேலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள். பீப் வரும்போது அவர்கள் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடித்திருப்பார்கள். முதல் வார்த்தையிலேயே தெரிவித்துவிடுவது நல்லது: "நீங்கள் கேட்பது பதிவுக் குரல். இப்போது போனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தம் வந்த பிறகு உங்கள் பெயரும் நம்பரும் இரண்டு தடவை சொல்லுங்கள். நாங்களே கூப்பிடுகிறோம்." பத்து விநாடிதான். 'ஊரில் இல்லை', 'திங்கட்கிழமை வருகிறோம்' என்றெல்லாம் சொல்லித் திருடனுக்குத் தேதி கொடுக்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று பேசுங்கள். பிரான்சில் வளர்ந்த பேரப்பிள்ளைகள் கூப்பிடும் வீடுகளில் பிரெஞ்சில் ஒரு வரி சேர்ப்பார்கள்; சேர்த்தால் தமிழுக்குப் பிறகு சேருங்கள். வரிசை மாறினால் உள்ளூர்க்காரர் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார்.

அந்த வீடுகளுக்கு இந்த மெஷினால் உண்மையான பயன் இரவில்தான். பாரிஸுக்கும் நமக்கும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை மணி நேரம் வித்தியாசம். அங்கே ஜனவரியில் மாலை 7 மணி என்றால் இங்கே இரவு பதினொன்றரை. மணிச் சத்தத்தை மட்டும் அணைத்துவிட்டு மெஷினை விழித்திருக்க விடலாம், விடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

கூப்பிடுபவரின் நம்பரைத் திரையில் காட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. நம் லைன்களில் நம்பர் டிடிஎம்எஃப் முறையிலும் (பொத்தான் அழுத்தும்போது கேட்கும் அதே சத்தங்கள்) வரும், எஃப்எஸ்கே முறையிலும் (மோடம் போன்ற சத்தம்) வரும். அமெரிக்க மெஷினுக்கு எஃப்எஸ்கே மட்டுமே தெரியும். திரை வெறுமையாக இருந்தால் மெஷின்மேல் தப்பில்லை. டிடிஎம்எஃப்பில் நம்பர் மட்டும் வரும், தேதி நேரம் வராது. ஆகவே மெஷினின் கடிகாரத்தைக் கையால் வைக்க வேண்டும். கரண்டு போய் வந்தால் மறுபடியும் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் வெள்ளிக்கிழமை வந்த செய்தியை ஞாயிறு என்று சொல்லும்.

வெளியிலிருந்து கூப்பிட்டுச் செய்திகளைக் கேட்கும் வசதிக்கு ரகசிய எண் உண்டு. கம்பெனி கொடுத்த எண்ணை முதல்நாளே மாற்றிவிடுங்கள். ஃபைபர் லைனில் சில நேரம் எண் அழுத்தினால் மெஷின் கேட்காது. ஒவ்வொரு பொத்தானையும் அரை விநாடி அழுத்திப் பிடியுங்கள், வாழ்த்துக்குரல் சத்தமாக ஓடும்போது வேண்டாம். புதுச் செய்தி வந்தால் தானே மொபைலுக்குக் கூப்பிடும் மாடல்களும் உண்டு. அதில் மொபைல் எண்ணுக்கு முன்னால் 0 சேர்த்துச் சேமியுங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு 0 போட்டால்தான் போகும். பழைய மெஷினில் வெறும் பத்து எண் கிடந்தால் ஒருநாளும் தகவல் வராது. விளம்பர அழைப்புகள் நினைவகத்தை நிரப்பினால் விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909க்குக் கூப்பிட்டு லேண்ட்லைனையும் பதிந்துகொள்ளலாம். எல்லாம் நின்றுவிடாது, குறையும்.

வருடக்கணக்கில் ஓட்டும்போது எதிரி உப்புக்காற்று. தேவனாம்பட்டினம், முதுநகர், முத்தியால்பேட்டை என்று கடலுக்குப் பக்கத்து வீடுகளில் ரொசெட் பெட்டிக்குள் (சுவரில் டெலிபோன் வயர் வந்து சேரும் சின்னப் பெட்டி) செம்பு முனையில் களிம்பு ஏறிவிடும். அறிகுறி, பதிவில் மட்டும் கரகரப்பு, பேசும்போது சுமார். ஆறு மாதத்துக்கொருமுறை மெஷினைக் கழற்றிவிட்டு, ரொசெட்டைத் திறந்து, வயர் முனையை ஒரு சென்டிமீட்டர் வெட்டிப் புதிதாகச் சீவி முறுக்குங்கள். ஆர்ஜே11 ஊசிகளை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். தேங்காயெண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. அது தூசியைப் பிடித்து வைக்கும், வேண்டாம். தரையோரம் வைக்காதீர்கள், சன்னலோரமும் வேண்டாம்.

நினைவகம் கரண்டு இல்லாமலும் அழியாத ஃபிளாஷ் வகையா, 9 வோல்ட் பேட்டரியை நம்பும் வகையா என்பதை வாங்கும்போதே கேளுங்கள். பேட்டரி வகையில் கரண்டு நீண்ட நேரம் போனால் வாழ்த்துக்குரலும் செய்திகளும் அழிந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்த பிறகு இந்தப் பகுதியில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. எந்த 9 வோல்ட் பேட்டரியும் அதற்குத் தாங்காது. அந்த பேட்டரி ஈரத்தில் கசிந்து பித்தளைக் கிளிப்பைத் தின்றும் விடும். வருடம் ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன் மாற்றுங்கள். இடி இடித்தால் செம்புக் கம்பி வீடுகளில் கரண்டு பிளக்கோடு டெலிபோன் வயரையும் கழற்ற வேண்டும். கரண்டை மட்டும் கழற்றி மெஷினைப் பறிகொடுப்பவர்கள் அதிகம், மின்னல் டெலிபோன் வயர் வழியாகவும் வரும்.

சந்தையில் சின்ன டேப்பில் பதியும் மைக்ரோகேசட் மெஷின் கிடைத்தால் ஒரு வார்த்தை. எம்சி60 டேப் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், அது தாராளம். ஆனால் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் இந்த ஈரத்தில் இளகிப் பிசினாகிவிடும், டேப்பில் பூஞ்சை வெள்ளையாகப் படரும். வாங்குமுன் மூடியைத் திறந்து விரலால் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். கறுப்பாக ஒட்டினால் கடைக்காரர் சொல்லும் விலையில் பாதி கேளுங்கள். பிசினைச் சுரண்டி ஆல்கஹாலில் துடைத்த பிறகு, பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிடச் சற்றுக் குறைந்த சுற்றளவில் புது பெல்ட் போட வேண்டும். அதே அளவில் போட்டால் வழுக்கி, பேசியவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இழுக்கும்.