ஐந்து ஆண்டுகளாக நானே அடிக்கும் நெட்வொர்க் கேபிள்கள்: கோத்தகிரி அனுபவம்

எங்கள் வீடு கோத்தகிரியில் ஒரு தேயிலைச் சரிவின் மேல் இருக்கிறது. முன்கட்டு தாத்தா காலத்தது. கருங்கல் சுவர் ஒன்றரை அடி கனம். ரௌட்டர் சுவருக்கு அந்தப் பக்கம், என் மேசை இந்தப் பக்கம். 2020 ஊரடங்கில் அலுவலக வேலை வீட்டுக்கே வந்து சேர்ந்தபோது, வைஃபை அந்தச் சுவரைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. ஆயத்தமாகக் கிடைத்த கேபிள்கள் 5 மீட்டர், 10 மீட்டர் அளவில்தான் இருந்தன. எனக்கு வேண்டியது 23 மீட்டர். தவிர, கனெக்டர் மாட்டிய கேபிளை நுழைக்கக் கருங்கல்லில் பெரிய துளை போட வேண்டும். வெறும் கேபிளுக்குப் பென்சில் பருமனில் ஒரு துளை போதும். அந்தத் துளைக்காகத்தான், கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் (‘அடிப்பது’ என்போம்) கிரிம்பிங் டூல் வாங்கினேன். இதுவரை அறுபது முனைகளாவது அடித்திருப்பேன். அதில் வெட்டி எறிந்தவையும் சேர்த்தி.

முதல் கேபிளை அடித்த கதையைச் சொல்லியாக வேண்டும். உள்ளே எட்டுக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருந்தால் போதும் என்று யாரோ சொன்னதை நம்பி, ஜோடி ஜோடியாக அழகாக அடுக்கினேன்: ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு. டெஸ்டரில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்குகள் வரிசை தவறாமல் எரிந்தன. கணினியில் மாட்டினால் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. இரண்டு நாள் ரௌட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஐயா தொலைபேசித் துறையில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். முனையைக் கண்ணாடிக்கு அருகில் பிடித்துப் பார்த்தார். "ஜோடியைப் பிரித்துவிட்டாய் தம்பி" என்றார். முறுக்கிய இரண்டு கம்பிகளிலும் வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒரே அளவில் ஏறும்; மறுமுனையில் ஒன்றை மற்றொன்று கழித்துவிடும். அதற்கு ஒரு சமிக்ஞையின் இரண்டு கம்பிகளும் ஒரே ஜோடியில் இருக்க வேண்டும். இந்தக் கேபிள் வழி இணைப்பான ஈதர்நெட்டில் 1, 2 ஆம் இடங்கள் ஒரு ஜோடி. 3, 6 இன்னொரு ஜோடி. என் வரிசையில் மூன்றாவது இடத்தில் பச்சையின் ஒரு கம்பியும் ஆறாவது இடத்தில் நீலத்தின் ஒரு கம்பியும் உட்கார்ந்திருந்தன. மின்தொடர்ச்சியை மட்டும் பார்க்கும் மலிவு டெஸ்டர் இந்தத் தவற்றைக் காட்டாது. சரியான வரிசையில் பச்சை ஏன் நீலத்துக்கு இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது என்று கேட்டேன். "நடு இரண்டும் எங்களுடையவை" என்று சிரித்தார். பழைய தொலைபேசி ஜாக்கில் நடுஜோடிதான் லைன். அதோடு ஒத்துப்போக அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறார்கள்.

வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டி568பி என்ற இந்த வரிசை இப்போது வாய்ப்பாடு போல வருகிறது. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிப்பதில்லை. மேலுறை கனெக்டருக்குள் நுழைந்து, அதன் பற்கள் உறையைக் கடித்து நிற்க வேண்டும். வெறும் கம்பிகளைக் கடித்து நின்றால் நாலு தடவை இழுத்ததும் கழன்றுவிடும். மார்கழி, தை காலைகளில் வேறொரு சிரமம் உண்டு. குளிரில் உறை விறைத்துப்போகும், விரல் நுனியும் மரத்துப்போகும், நீலக் கம்பி தன் இடத்தில் நிற்காமல் சுருண்டு வரும். கேபிளைக் கணப்புச் சட்டிக்கு எட்டத்தில் பத்து நிமிடம் வைத்துவிட்டு உட்காருவேன்.

இனி கேபிள். நான் அதிகம் பணம் இழந்தது இதில்தான். கோயம்புத்தூரில் ஒரு கடையில் 305 மீட்டர் பெட்டி (1,000 அடி என்பதுதான் இந்த விசித்திர எண்ணின் பின்னணி) மற்றதைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மடியில் வைக்க முடிந்தபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முழுச் செம்புக் கேபிள் அவ்வளவு இலேசாக இருக்காது. அது செம்பு முலாம் பூசிய அலுமினியம், சிசிஏ என்பார்கள். கேட்6 என்று உறையில் அச்சடித்திருந்தாலும், அந்தப் பெயருக்கான தரவரையறை கேட்பது முழுச் செம்பைத்தான்.

வீட்டுக்குள் அது ஓடியது. குட்டு வெளிப்பட்டது வாசல் கேட்டில். காட்டெருமைகள் இரவில் தேயிலை வழியாக வந்து வேலியை நெரிப்பதால் கேட்டருகே ஒரு கேமரா வைத்தேன். 40 மீட்டர் கேபிள். அதிலேயே 12 வோல்ட் மின்சாரமும் அனுப்பும் மலிவான பிஓஇ ஏற்பாடு. பகலெல்லாம் படம் தெளிவாக வரும். பொழுது சாய்ந்து கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் அணைந்து அணைந்து எழும். எருமை வரும் நேரம் பார்த்துக் கேமரா கண்ணை மூடிக்கொள்ளும்! சிசிஏயின் மின்தடை செம்பைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இரவில் கூடுதல் மின்னோட்டம் கேட்கும்போது வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடுகிறது. ஐயா பேனாக்கத்தியால் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். சிவப்புக்கு அடியில் வெள்ளையாகப் பளபளத்தது. இப்போது கடையிலேயே சுரண்டிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை. செம்புக் கேபிளும், பல கேபிள்களை இணைத்து மின்சாரமும் அனுப்பும் 48 வோல்ட் பிஓஇ ஸ்விட்சும் மாட்டிய பிறகு கேமரா ஓர் இரவும் தூங்கவில்லை.

ஆனால் மஞ்சு விடவில்லை. இங்கே ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கினால் சுவரில் மாட்டிய காலண்டரே நமத்துப்போகும். கேமராப் பக்கக் கனெக்டர் எட்டு மாதத்தில் இறந்தது. கழற்றிப் பார்த்தால் மின்சாரம் போகும் ஊசிகளில் மட்டும் பச்சைக் களிம்பு. மற்றவை ஓரளவு சுத்தமாக இருந்தன. ஈரத்தோடு நேர்மின்சாரமும் சேர்ந்தால் அரிப்பு வேகமாகிவிடுகிறது. கம்பி நுனி வெளியே நீட்டி வந்து வெட்டுப்படும் பாஸ்-த்ரூ கனெக்டர்களை அன்றோடு வெளிப்புறத்துக்கு நிறுத்திவிட்டேன். அடிப்பதற்கு அவை சுகமானவை, மறுக்கவில்லை; ஆனால் நுனிச் செம்பு ஈரத்துக்கு வாய் திறந்து நிற்கிறது. டூலின் பிளேடு மழுங்கினால் அந்த நுனிகளில் பிசிறு தங்கி ஒன்றையொன்று தொடும். பிளேடு மழுங்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இப்போது வெளியே போவது கறுப்புப் பாலிஎத்திலின் உறையிட்ட, ஈரம் புகாதபடி உள்ளே பசை நிரப்பிய ஜெல்லி கேபிள். அடிக்கும்போது கையெல்லாம் பிசுபிசுக்கும், மண்ணெண்ணெய் தொட்ட துணி பக்கத்தில் வேண்டும். கனெக்டர் மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளைத் தொங்கலாக வளைத்துவிட்டிருக்கிறேன். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். மூன்று மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

கீழ்க்கொட்டகைக்கு இழுத்த கேபிள் ஒரு சித்திரை மாத இடியில் இரண்டு பக்க ஸ்விட்சுகளின் போர்ட்டுகளையும் எரித்தது. அங்கே இப்போது முனை அடித்தே விற்கும் ஃபைபர். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதை வீட்டில் அடிக்கும் ஆசையும் எனக்கில்லை.

கேட்6 கம்பி சற்றுத் தடிமன் என்பதால், அதற்கு முந்தைய தரமான கேட்5இ கனெக்டரில் மல்லுக்கட்டி நுழைக்க வேண்டியிருக்கும். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்து நான் பட்ட பாடு போதும். ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் கேபிள்களை அடிக்கவே அடிக்காதீர்கள். பெட்டியில் வரும் கேபிளின் ஒற்றைக் கம்பி, சுவரில் அசையாமல் கிடக்கப் பிறந்தது; லேப்டாப்போடு தினமும் வளைத்தால் உள்ளே ஒடிந்துவிடும். கடையில் விற்கும் குட்டைக் கேபிளில் இருப்பது மெல்லிய இழைகளின் திரி. ஆரம்ப உற்சாகத்தில் நான் அடித்த குட்டைக் கேபிள்கள் ஒரு இழுப்பறை நிறையக் கிடக்கின்றன.

அந்த முதல் 23 மீட்டர் இன்னும் கருங்கல் சுவருக்குள்தான் இருக்கிறது. சிசிஏதான், ஆனால் ஈரம் இல்லை, மின்சாரம் அனுப்பவில்லை, வரிசையைத் திருத்தி அடித்த பிறகு 1 ஜிகாபிட் குறையாமல் வருகிறது. ஒரு முனையில் கனெக்டரின் பின்பக்கத்தை மூடும் ரப்பர் பூட் இல்லை. கனெக்டர் அடிக்குமுன் அதைக் கேபிளில் கோத்துக்கொள்ள வேண்டும், மறந்துவிட்டேன்.