கிணற்றடியில் நான்கு வருடம்: சலவைத் தூளைக் குறைத்த கதை

எங்கள் வீடு யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். கேத்திலின் அடியைப் பார்த்தாலே ஊர்த் தண்ணீரின் குணம் தெரியும். வெள்ளை ஓடு கட்டியிருக்கும். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக் கல். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்க முதலே கல்சியத்தோடு சேர்ந்து பிசுக்காகிவிடும். நுரை வரவில்லையென்று இன்னும் ஒரு பிடி தூள் போடுவோம். தோய்த்த தண்ணீர் வாய்க்காலால் வாழைக்குப் போய், அங்கிருந்து வெடிப்பு விழுந்த அதே கல்லுக்குள்ளால் இறங்கி, திரும்பக் கிணற்றுக்கே வரும். சுன்னாகப் பக்கக் கிணறுகளில் எண்ணெய் கலந்த கதை வந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. தூளைக் குறைக்கத் தொடங்கியது என்னவோ நான்கு வருடத்துக்கு முன்புதான்.

முதலில் பூந்திக்கொட்டை. ஏழெட்டை விதை நீக்கி, சீலைப் பையில் கட்டி, இரவு ஊறவைத்துக் கசக்கினால் மெல்லிய நுரை வரும். எங்கள் தண்ணீரிலும் பிசுக்குப் பிடிக்காது, அதுதான் அதன் பெரிய குணம். சாறம், படுக்கை விரிப்பு, வீட்டில் உடுத்தும் சட்டைகளுக்கு இன்றும் அதுதான். ஆனால் செம்பாட்டு மண்ணிடம் தோற்றுப்போகும். ஐந்தாவது வாரம் மகள் தன் வெள்ளைச் சட்டையைத் தூக்கிப் பிடித்து, "அம்மா, எங்கட பள்ளிக்கூடம் எப்ப யூனிஃபோம் நிறத்தை மாத்தினது?" என்று கேட்டாள். இன்னொன்று, இயற்கைதானே என்று அந்தத் தண்ணீரை மீன் தொட்டிப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள். மீனுக்கு அது நஞ்சு.

அப்புறம் சலவைச் சோடா. வெள்ளை திரும்பி வந்தது, உண்மை. நாலைந்து மாதத்தில் வாய்க்கால் ஓரத்து வாழைகளின் இலை விளிம்பு கருகத் தொடங்கியது. சோடியம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். நிறுத்திய பிறகு வந்த குருத்துகள் சுத்தமாக விரிந்தன. இப்போது வெள்ளைச் சட்டைக்கு மட்டும் ஒரு தேக்கரண்டி. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து மலசலகூடத்துக்கு ஊற்றுகிறோம்.

கனடாவிலிருந்து மச்சாள் கொண்டுவந்த 'பசுமை' திரவம் நன்றாகத்தான் இருந்தது. முடிந்ததும் விலையை விசாரித்தேன், அதோடு சரி.

உண்மையில் கைகொடுத்தது மாரி மழை. கூரைப் பீலியின் கீழ் 200 லீற்றர் பரல் இரண்டு வைத்தோம். கூரை கழுவுப்படட்டும் என்று முதல் மழையை விட்டுவிடுவோம். ஒக்ரோபர் முடிவிலிருந்து தை பிறக்கும் வரை பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். தூள் முன்பு போட்டதில் காற்பங்கு போதும். துவாய் காய்ந்தபின் விறைத்து நிற்பதில்லை. பரலின் வாயை வலையால் இறுக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் நுளம்புப் பண்ணைதான்.

தோய்க்கும் மெசினில் சூட்டுத் தண்ணீர்ப் பக்கம் போவதேயில்லை. மின்சாரத்தில் பெரும்பங்கைத் தின்பது தண்ணீரைச் சூடாக்கும் வேலைதான். பங்குனி வெயிலில் கொடியில் போட்டால் ஒரு மணித்தியாலத்தில் சேட் காய்ந்துவிடும்.

முன்பு ஒரு கிலோ பக்கெற் மூன்று வாரத்தில் முடியும். இப்போது கோடையிலேயே இரண்டு மாதம் வருகிறது. இன்னும் கூட வந்திருக்கும்; நுரை வராவிட்டால் தோய்த்ததாக மாமி ஒப்புக்கொள்ள மாட்டார். நான் குசினிக்குள் போனதும் பக்கெற் சரசரக்கிற சத்தம் கேட்கும்.