ஸ்பீக்கர் டாக்கோடு டேப்லெட் வாங்கப் போகிறீர்களா? கடையில் இதைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கூகுள் பிக்சல் டேப்லெட்டை ஸ்பீக்கர் டாக்கோடு சேர்த்து 46,000 ரூபாய்க்கு வாங்கினோம். டாக் என்றால் டேப்லெட்டை நிறுத்தி வைத்து சார்ஜ் செய்யும் தாங்கி, இதில் உள்ளேயே ஒரு ஸ்பீக்கரும் உண்டு. டேப்லெட்டைக் குறை சொல்ல மாட்டேன். விற்றவர் சொன்னதில்தான் முக்கால்வாசி பொய்.

இந்த டேப்லெட் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வரவில்லை. 2023 ஜூனில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில்தான் வந்தது. அப்போது அமெரிக்காவில் டாக்கோடு சேர்த்து 499 டாலர். இங்கே கடைகளில் இருப்பதெல்லாம் வெளியிலிருந்து வேறு வழியில் வந்தவை. டொரண்டோவில் இருக்கும் அக்கா, "நானே வாங்கி அனுப்பட்டுமா?" என்றாள். கஸ்டம்ஸ் வரி, வழியில் உடைந்தால் யாரைக் கேட்பது என்றெல்லாம் யோசித்து, கண்ணால் பார்த்தே வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். அம்மாவுக்காகத்தான். காலையில் சுப்ரபாதம், அப்புறம் சமையல் வீடியோ, ராத்திரி அக்காவோடு வீடியோ கால். சமையலறை மேடையிலேயே சார்ஜ் ஆகிக்கொண்டு நிற்கும் ஒரு திரை வேண்டியிருந்தது.

கடைக்காரர் சொன்னது இது: "சார், டாக் தனியாவே ப்ளூடூத் ஸ்பீக்கர். டேப்லெட்டைக் கையில எடுத்துட்டு ஹாலுக்குப் போனாலும் கிச்சன்ல பாட்டு ஓடும். இன்டர்நேஷனல் வாரண்டி இருக்கு." வாங்குவதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் கேட்டபோதும் இதையே எழுதி அனுப்பினார். அந்த மெசேஜ் இன்று எங்களுக்குக் கைகொடுக்கிறது.

வீட்டில் பாட்டைப் போட்டுவிட்டு டேப்லெட்டை டாக்கிலிருந்து எடுத்தோம். டாக் அந்த நொடியே ஊமையாகிவிட்டது. பாட்டு டேப்லெட்டின் சொந்த ஸ்பீக்கரில் தொடர்ந்தது. இது பழுது இல்லை. அந்த டாக் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதில் ப்ளூடூத்தும் இல்லை, வைஃபையும் இல்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு 43.5 மில்லிமீட்டர் ஸ்பீக்கர். காந்தத்தால் டேப்லெட் ஒட்டிக்கொள்ளும். பின்பக்கத்தில் இருக்கும் நான்கு உலோகப் புள்ளிகள் வழியாகத்தான் மின்சாரமும் ஒலியும் போகும். போனிலிருந்து பாட்டை அனுப்பும் வசதி இருக்கிறது, ஆனால் டேப்லெட் டாக்கில் உட்கார்ந்திருந்தால் மட்டும். 2019-இல் லெனோவோ தன் டேப்லெட்டுக்கு விற்ற அலெக்ஸா (அமேசானின் குரல் உதவியாளர்) டாக் ப்ளூடூத்தில் இணையும் வகை. கடைக்காரர் அதோடு குழப்பிக்கொண்டார் என்று சொல்லலாம்தான். மற்ற விஷயங்களைப் பார்த்த பிறகு அந்தச் சந்தேகத்தின் பலனை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

பெட்டியைப் பாருங்கள். டேப்லெட் வந்த பெட்டியில் டாக்குக்கு இடமே இல்லை. டாக் தனியாக ஒரு பாலித்தீன் கவரில் வந்தது. "கஸ்டம்ஸ்ல பிரிச்சுட்டாங்க சார்" என்றார். உண்மை என்னவென்றால், 2024-இல் டாக் இல்லாத டேப்லெட்டைத் தனியாக 399 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். டாக் தனியாக அப்போது 129 டாலர். எங்களுக்கு வந்தது அந்தத் தனி டேப்லெட்டும், யாரோ பயன்படுத்திய ஒரு டாக்கும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது, உலோகப் புள்ளிகளில் கறுப்பு. சீல் பிரிக்காத புது செட் என்ற பேரில் இதற்குத்தான் முழு விலை.

அடுத்தது அடாப்டர். இந்த டாக் டைப்-சி சார்ஜரில் ஓடாது. உருண்டை முனை கொண்ட 30 வாட் அடாப்டர் அதற்கென்றே உண்டு. கொடுத்தது ஒரிஜினல் இல்லை, பி.ஐ.எஸ். (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையோ பதிவு எண்ணோ எதுவும் இல்லாத ஏதோ ஒன்று. கொஞ்ச நேரத்தில் சூடாகும், ஸ்பீக்கரில் கொர்ரென்று ஒரு இரைச்சல், சார்ஜ் விட்டு விட்டு ஏறும். சமையலறையில் நாள் முழுக்க சொருகி வைக்கிற பொருள் என்பதால் அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

இதில் ஒரு கூத்தும் உண்டு. டாக்கில் வைத்தால் சார்ஜ் 90 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்று அம்மா கடைக்கு போன் செய்து சொல்லியிருக்கிறார். "பேட்டரி வீக்கும்மா, எடுத்துட்டு வாங்க, 4,500 ரூபாய்க்குப் புதுசு போட்டுத் தர்றேன்" என்று பதில். எப்போதும் சொருகியே இருக்கும் பேட்டரி சீக்கிரம் கெடாமல் இருக்க, டாக்கில் இருக்கும்போது 90-லேயே நிறுத்துவது அந்த டேப்லெட்டின் வழக்கம். நல்ல பேட்டரியைக் கழற்றிவிட்டு என்னத்தைப் போட்டிருப்பாரோ!

திருப்பிக் கொடுக்கப் போனால், "விற்ற பொருள் வாபஸ் கிடையாது" என்ற போர்டைக் காட்டினார். வாரண்டி பற்றிக் கேட்டால், "அது கம்பெனி விஷயம் சார்." இந்தியாவில் விற்காத பொருளுக்கு இங்கே வாரண்டி கேட்டுப் போக இடமில்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். பில் என்று கொடுத்தது 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டு. ஜி.எஸ்.டி. எண் இல்லை, டேப்லெட்டின் சீரியல் நம்பர் இல்லை. ஜி.எஸ்.டி. பில் கேட்டதற்கு 18 சதவீதம் கூடும் என்றார்.

அந்த போர்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிட வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். ஜி-பே ரசீது, துண்டுச் சீட்டு, வாட்ஸ்அப் மெசேஜ், டாக்கின் போட்டோக்கள் எல்லாம் இணைத்தேன். அதன் பிறகு கடைக்காரரின் குரலே மாறிவிட்டது. "எதுக்கு சார் கம்ப்ளெய்ன்ட் எல்லாம், நாம பேசித் தீர்த்துக்கலாம்."

சரி, இந்த மாதிரி செட் வாங்கலாமா என்று கேட்டால், அது அதிகாரபூர்வமாக விற்கும் ஊரில் இருப்பவர்கள் தாராளமாக யோசிக்கலாம். டாக்கில் வைத்தால் கடிகாரம், குடும்பப் படங்கள் ஓடும், குரலால் வேலை வாங்கலாம், சார்ஜ் போட மறக்கிற பிரச்சினை இல்லை. அம்மாவுக்கு அது பிடித்தும் இருந்தது. ஆனால் சத்தத்துக்காக மட்டும் இந்த டாக்குக்குப் பணம் கொடுப்பது வீண். இங்கே வாரண்டியோடு விற்கும் ஏதாவது ஒரு டேப்லெட், ஒரு ஸ்டாண்ட், மூவாயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்பீக்கர் வாங்கினால், டேப்லெட்டை எங்கே எடுத்துப் போனாலும் சமையலறையில் பாட்டு ஓடும். கடைக்காரர் சத்தியம் செய்த அதே வசதி!

அப்படியும் டாக் வகைதான் வேண்டும் என்றால், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே பாட்டைப் போட்டு டேப்லெட்டைத் தூக்கிப் பாருங்கள். பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் எம்.ஆர்.பி.யும் உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டியில் அது இல்லை.

இப்போதைய நிலைமை: டாக்குக்கு மட்டும் 8,000 ரூபாய் திருப்பித் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். முழுப் பணமும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. புகார் நடப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. அதே தெருவில் இதே மாதிரி பாலித்தீன் கவரில் டாக் வாங்கியவர்கள் இருந்தால் அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.