ஆர்டுயினோ நிரல் நூலகத்தைக் கையால் நிறுவுவதா, மேலாளரிடம் விடுவதா?

கானாடுகாத்தானில் எங்கள் வளவு வீட்டின் பர்மா தேக்குத் தூண்களைச் சுற்றியுள்ள காற்றில் ஈரம் எவ்வளவு ஏறுகிறது என்று அறிய, ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுப் பலகையில், காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் அளக்கும் டிஎச்டி22 உணரியைப் பொருத்தினேன். அதற்கான நிரல் நூலகத்தை, அதாவது உணரியைப் படிக்க முன்பே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பை, இரண்டு வழிகளிலும் நிறுவிப் பார்த்தேன்.

ஆர்டுயினோ மென்பொருளிலேயே இருக்கும் நூலக மேலாளரில் பெயரைத் தேடி ஒரு சொடுக்குப் போட்டால் போதும். அடாஃப்ரூட் என்னும் மின்னணு நிறுவனத்தின் டிஎச்டி நூலகத்துக்கு அவர்களுடைய யூனிஃபைட் சென்சார் நூலகமும் தேவை. மேலாளர் அதையும் சேர்த்து நிறுவவா என்று தானே கேட்கிறது. புதிய பதிப்பு வந்தாலும் சொல்லிவிடுகிறது.

கையால் நிறுவும்போது அந்தத் துணை நூலகத்தை நாமேதான் தேடிக் கொண்டுவர வேண்டும். மறந்தால் நிரலைத் தொகுக்கும்போது (கம்பைல்) பிழை வரும். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து ஜிப் கோப்பாக இறக்கி, மென்பொருளின் பட்டியலில் ஜிப் நூலகம் சேர்க்கும் கட்டளையைக் கொடுக்கலாம். பிரித்து நேரடியாக லைப்ரரீஸ் கோப்புறையில் வைப்பதானால் கவனம் வேண்டும்: கோப்புறைக்குள் கோப்புறையாகப் புதைந்துவிட்டால் மென்பொருளின் கண்ணில் படாது. நான் ஒரு மாலைப்பொழுதை இதில்தான் இழந்தேன்.

ஆனாலும் மேலாளரின் பட்டியலில் இல்லாத நூலகத்துக்கும், நாமே திருத்திய நூலகத்துக்கும் கைவழிதான் துணை. இணையம் இல்லாத கணினிக்குப் பென் டிரைவில் கொண்டுபோகவும் அதுவே வசதி. தொடங்குபவர்களுக்கு நான் மேலாளரைத்தான் பரிந்துரைப்பேன்.